மாதிரி நீராவி எஞ்சினில் இன்ஜெக்டர் தகராறு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஐந்தங்குல கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கிடையே ஐந்தங்குல இடைவெளியுள்ள, மாதிரி நீராவி எஞ்சின் ஓட்டுபவர்களுள் பெங்களூரில் எனக்குத் தெரிந்த தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் நீராவியின் வேகத்தைக் கொண்டே கொதிகலனுக்குள் தண்ணீரைத் தள்ளும் இன்ஜெக்டரைப் பற்றிய முறையீடு மட்டும் எல்லாரிடமும் ஒன்றுதான்: போன ஞாயிறு தண்ணீர் எடுத்தது, இந்த ஞாயிறு எடுக்க மாட்டேன் என்கிறது. உடனே இன்ஜெக்டரைக் கழற்றிப் பீன்யாவில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கூம்புகளைச் சற்றுப் பெரிதாக்கித் தரச் சொல்பவர்கள் உண்டு. நானும் அப்படிக் கொண்டுபோனவன்தான். நன்றாக இருந்த கூம்புகள் பாழாயின. உண்மையான குற்றம் தண்ணீர்க் குழாயின் யூனியனில் (திருகி இணைக்கும் மூட்டில்) இருந்த மயிரிழை விரிசல் என்பது இரண்டு மாதம் கழித்தே தெரிந்தது. அதிலிருந்து ஒரு வரிசையை நான் மாற்றுவதில்லை: முதலில் தண்ணீர், பிறகு நீராவி, அதன்பின் கிளாக் வால்வு (கொதிகலனுக்குள் போன தண்ணீரைத் திரும்ப விடாத ஒருவழி வால்வு), எல்லாம் சரியென்று உறுதியான பிறகே கூம்பு. கீழே உள்ளவையும் அந்த வரிசையை ஒட்டியே எழுதப்பட்டவை.

அறிகுறிகளுக்குள் போவதற்கு முன், உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி ஜிஃபார்ட் 1858இல் காப்புரிமை பெற்ற இந்தக் கருவியில் அடிப்படையாக மூன்று கூம்புகள் உள்ளன. முதல் கூம்பு நீராவியை மிகுந்த வேகத்தில் பீய்ச்சுகிறது. இரண்டாவதில் அந்த நீராவி குளிர்ந்த தண்ணீரைச் சந்தித்து, தன் வேகத்தை அதற்குக் கொடுத்துவிட்டுத் தானும் தண்ணீராகிவிடுகிறது. விரிந்துகொண்டே போகும் மூன்றாவது கூம்பு, அந்தத் தாரையின் வேகத்தைக் குறைத்து அழுத்தமாக மாற்றுகிறது. சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தமுள்ள கொதிகலனுக்குள் தண்ணீர் நுழைய வேண்டுமானால், மூன்றாவது கூம்பின் கழுத்தில் அது நொடிக்கு 33 மீட்டருக்குக் குறையாமல், அதாவது மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வேகத்தில் பாய வேண்டும். அந்தக் கழுத்தின் விட்டமோ, நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் தள்ளும் இன்ஜெக்டரில், வெறும் 0.7 மில்லிமீட்டர் அளவுதான். நீராவி முழுவதும் தண்ணீராகாமல் போனாலும், நடுவே காற்று கலந்தாலும், கழுத்தில் துகள் ஒன்று சிக்கினாலும் தாரை சிதறி, வழிவுக் குழாய் வழியாக வெளியே கொட்டிவிடும். இன்ஜெக்டரின் கோளாறுகள் அனைத்தும் கடைசியில் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் முடிகின்றன.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்ஜெக்டரைச் சோதிக்கும் நாளில் கைப்பம்பு வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டே நெருப்பு மூட்டுங்கள். கொதிகலனின் நீர்மட்டக் கண்ணாடியில் மட்டம் முக்கால் அளவுக்கு இருக்கும்போதே சோதனையைத் தொடங்குங்கள். மட்டம் கீழ் நட்டை நெருங்கிவிட்டால் "இன்னொரு தடவை பார்ப்போம்" என்ற ஆசையை விட்டுவிட்டு, கைப்பம்பால் ஏற்றுங்கள். அதுவும் ஏறவில்லையென்றால் நெருப்பை இறக்கிவிடுங்கள். அழுத்தம் இருக்கும்போது எந்த யூனியனிலும் ஸ்பானர் வைக்கக் கூடாது. 80 பவுண்டு அழுத்தத்தில் கொதிகலனுக்குள் இருக்கும் நீரின் வெப்பம் 162 டிகிரி செல்சியஸ்.

பொருத்திய விதம் சரிதானா

புதிதாகப் பொருத்திய இன்ஜெக்டர் முதல் நாளிலிருந்தே எடுக்கவில்லையென்றால், பிழை பொருத்தியதில்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். மாதிரி எஞ்சின்களில் இன்ஜெக்டரை எப்போதும் தொட்டியின் அடிமட்டத்துக்குக் கீழே, தண்ணீர் தானாக இறங்கிவரும் இடத்தில் வைப்பதே உத்தமம். உறிஞ்சி எடுக்கும் வகைகளும் உண்டு. ஆனால் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ள நம் ஊரில் காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரே 97 டிகிரியில் கொதித்துவிடுகிறது, ஆகையால் உறிஞ்சும் வகையை நம்பி இறங்க நான் யாருக்கும் சொல்வதில்லை. சாம்பல் தட்டுக்கும் நெருப்புப் பெட்டிக்கும் அருகில் பொருத்தினால் இன்ஜெக்டரின் உடல் சூடேறி, தண்ணீர் உள்ளே வருவதற்கு முன்பே பாதித் தோல்வி நிச்சயமாகிவிடும். ஓட்டுநர் படிக்கட்டுக்குப் பக்கத்தில், காற்றோட்டமான வெளிப்பக்கம்தான் அதற்கு உரிய இடம்.

நீராவியைக் கொதிகலனின் உச்சியிலிருந்து, ஊதலுக்கும், நெருப்புக்குக் காற்றிழுப்பைக் கூட்டும் புளோயருக்கும் பங்கு கொடுக்காத தனி வால்வு வழியாக எடுக்க வேண்டும். ஒரே கிளைப்பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தால், ஊதலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் இன்ஜெக்டர் விட்டுவிடும். தண்ணீர்க் குழாய் தாராளமான துளையுடன், மேலேறி இறங்கும் வளைவு இல்லாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் அப்படிப்பட்ட மேட்டில்தான் காற்று தங்கும். வழிவுக் குழாய் குட்டையாக, திறந்த வெளியில், ஓட்டுநர் உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடிய இடத்தில் முடிய வேண்டும். அழகுக்காக அதை நீட்டிக் குறுக்கிப் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்த எஞ்சின் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன், அது ஒருநாளும் ஒழுங்காக எடுத்ததில்லை. உடலுக்குள் சிறு பந்து வைத்த வகையைத் தலைகீழாகவோ சாய்த்தோ பொருத்தக் கூடாது. அந்தப் பந்து தன் எடையால்தான் இருக்கையில் உட்காருகிறது.

இயக்கும் வரிசை

தண்ணீரை முதலில் முழுவதுமாகத் திறந்து, வழிவில் தெளிவாகக் கொட்டுவதைப் பார்த்த பிறகு, நீராவியைத் தயங்காமல் முழுவதும் திறக்க வேண்டும். பிறகு வழிவு வறளும் வரை தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சரியாகப் பிடித்துக்கொண்ட இன்ஜெக்டர் மெல்லிய ரீங்காரம் இடும். பழகிய காதுக்கு வழிவைப் பார்க்காமலேயே அது தெரிந்துவிடும். நிறுத்தும்போது வரிசை தலைகீழ்: நீராவி முதலில், தண்ணீர் பிறகு. நீராவியை அரைகுறையாகத் திறந்து வைத்துக்கொண்டு "மெதுவாக எடுக்கட்டும்" என்று காத்திருப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. இன்ஜெக்டரைக் கட்டுப்படுத்துவது தண்ணீர் வால்வுதான், நீராவி வால்வு அல்ல.

அறிகுறி: தண்ணீரைத் திறந்தும் வழிவில் ஒன்றும் வரவில்லை

இது எளிய கேள்வி. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, மூடியில் காற்று நுழையத் துளை இருக்கிறதா, வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியென்றால் காற்றடைப்பு. இன்ஜெக்டர் பக்கத்து யூனியனை, கொதிகலன் குளிர்ந்திருக்கும்போது, அரைச் சுற்றுத் தளர்த்தித் தண்ணீர் ஒழுகியதும் இறுக்கிவிடுங்கள்.

அறிகுறி: தண்ணீர் கொட்டுகிறது, நீராவி திறந்ததும் வழிவில் வெந்நீரும் புகையுமாகச் சீறுகிறது, பிடிப்பதேயில்லை

மிகுதியாகக் கேட்கப்படுவதும், காரணங்கள் மிகுதியாக உள்ளதும் இதுதான்; அதனால் இங்கே சற்று நின்று பார்க்கலாம்.

முதல் சந்தேகம் தண்ணீரின் சூடு. தண்ணீர் 35 டிகிரியைத் தாண்டினால் சிறு இன்ஜெக்டர்கள் தடுமாறத் தொடங்கும், 40ஐத் தாண்டினால் பல வகைகள் மறுத்தே விடும். பெங்களூர் குளிர்ந்த ஊர் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் மார்ச், ஏப்ரல் பிற்பகலில் மொட்டைமாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டித் தண்ணீரில் கையை விட்டுப் பாருங்கள். அதை அப்படியே குழாயில் பிடித்து டெண்டரில் (எஞ்சினுக்குப் பின்னால் வரும் தண்ணீர் வண்டியில்) ஊற்றிவிட்டு இன்ஜெக்டரைத் திட்டுவதில் நியாயமில்லை. ஓட்டும் நாளுக்கு முந்தைய இரவே பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள். என் நண்பர் ஒருவர் சர்ஜாபூர் பக்கத்துத் தோட்டத்தில் மண்பானைத் தண்ணீரைத்தான் எஞ்சினுக்கு ஊற்றுகிறார், நாங்கள் குடிப்பது கேனில் வாங்கியது. கொதிகலனை ஒட்டிப் பக்கத் தொட்டி வைத்த எஞ்சின்களில் தண்ணீர் ஓட ஓடச் சூடேறும் என்பதால், அவற்றில் பாதித் தொட்டி ஆனதுமே புதுத் தண்ணீர் ஊற்றுவது நல்லது. இன்னொரு பழக்கமும் தொட்டியைச் சூடாக்கும்: இன்ஜெக்டர் பிடிக்காத நிலையில் நீராவியைத் திறந்தே வைத்திருந்தால், அது தண்ணீர்க் குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய்த் தொட்டிக்குள் குமிழியிடும். இரண்டு விநாடியில் பிடிக்கவில்லையென்றால் நீராவியை மூடி, தண்ணீரை மட்டும் ஓடவிட்டு, உடலைக் குளிரவைத்த பின்பே மறுபடி முயல வேண்டும்.

இரண்டாவது, தண்ணீரின் அளவு. இன்ஜெக்டர் பக்கத்து யூனியனைக் கழற்றிவிட்டு, குழாயின் நுனியிலிருந்து ஒரு நிமிடத்தில் வரும் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து அளந்து பாருங்கள். இன்ஜெக்டரின் கொள்ளளவைப்போல் இரு மடங்காவது வர வேண்டும் என்பது என் கணக்கு. தொட்டி நிறைந்திருக்கும்போதும், இரண்டு விரல்கடை மட்டுமே இருக்கும்போதும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் "காலையில் எடுத்தது, மதியம் எடுக்கவில்லை" என்பதன் விடை பல நேரங்களில் அந்த இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது.

மூன்றாவது, ஈர நீராவி. கொதிகலனில் நீர்மட்டம் கண்ணாடியின் உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ, உள்ளே எண்ணெய்ப் பிசுக்கினால் நுரைத்தாலோ, நீராவியோடு தண்ணீரும் சேர்ந்து வரும். மட்டத்தைப் பாதிக்கு இறக்கியதும் இன்ஜெக்டர் எடுத்துவிட்டால் காரணம் அதுதான்.

நான்காவது, வெளியேறும் வழியில் தடை. கொதிகலன் பக்கத்துக் கிளாக் வால்வின் பந்து சிக்கியிருந்தாலோ போதுமான அளவு உயரவில்லையென்றாலோ, தாரைக்குப் போக்கிடம் இல்லாமல் வழிவுக்குத் திரும்பும். துளையின் விட்டத்தில் கால் பங்குக்குச் சற்று மேலே பந்து உயர்ந்தால் வழி முழுவதும் திறந்துவிடும். அதற்குக் குறைந்தால் நெரிசல். மிகவும் கூடினால் பந்து திரும்பி உட்காரத் தாமதமாகிப் படபடக்கும். கைப்பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் ஒரே கிளாக் வால்வு என்றால், கைப்பம்பை அழுத்திப் பார்ப்பதே சோதனை: கைக்கு வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தால் அடைப்பு அங்கேதான்.

அறிகுறி: பிடிக்கிறது, சிறிது நேரத்தில் விட்டுவிடுகிறது

காற்றைத் தேடுங்கள். வேலை செய்யும்போது இரண்டாவது கூம்பைச் சுற்றியுள்ள அறையில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும். ஆகவே தண்ணீர் ஒழுகாத ஒரு விரிசல் வழியாகக்கூடக் காற்று உள்ளே போகும். என் யூனியன் என்னை ஏமாற்றியது இப்படித்தான்: நின்றிருந்தபோது ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் கெட்டியான கிரீஸைத் தற்காலிகமாகப் பூசிவிட்டு ஓட்டிப் பாருங்கள். எந்த இணைப்பில் பூசியதும் இன்ஜெக்டர் விடாமல் எடுக்கிறதோ, அந்த இணைப்பைப் பிரித்துச் செய்யுங்கள். டெஃப்லான் டேப்பால் மூடிவிட நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: அந்த டேப்பின் இழை ஒன்று பிய்ந்து உள்ளே போனால், அது நேராகக் கூம்பின் கழுத்தில்தான் போய் நிற்கும். யூனியனின் கூம்பு முகம் சரியாக இருந்தால் டேப்பே தேவையில்லை.

உடலுக்குள் உள்ள வழிவுப் பந்தின் கீழ் மணல் துகள் சிக்கினாலும் இதே அறிகுறி தோன்றும். தண்டவாள இணைப்புகளில் எஞ்சின் குதிக்கும்போது மட்டும் விட்டுவிடுகிறது என்றால், தொட்டியில் தண்ணீர் அலைந்து குழாய் வாய் ஒரு கணம் வெளியே தெரிகிறது என்று பொருள். தொட்டிக்குள் ஒரு குறுக்குத் தகடு வைத்தால் போதும்.

அறிகுறி: எடுக்கிறது, ஆனால் வழிவு வறளவேயில்லை

தண்ணீர் வால்வைக் குறைத்துக் குறைத்துப் பாருங்கள். ஒரு புள்ளியில் வறண்டால் இன்ஜெக்டரில் குறையில்லை, வால்வுதான் முரடு. கால் சுற்றில் முழுவதும் திறந்துவிடும் பந்து வால்வை எடுத்துவிட்டு, ஊசி முனை வால்வு போடுங்கள். எங்கே வைத்தாலும் சொட்டிக்கொண்டே இருந்தால், அழுத்தமானியைப் பாருங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஓர் அழுத்த எல்லை உண்டு. 80 பவுண்டில் சுத்தமாக எடுப்பது 40இல் சொட்டினால் அது நோயல்ல, இயல்பு. நெருப்பைக் கிளறி அழுத்தத்தை ஏற்றிவிட்டுப் பாருங்கள். முன்பு அதே அழுத்தத்தில் வறண்டிருந்தது, இப்போது வறளவில்லை என்றால் உப்புப் படிவு அல்லது கூம்புத் தேய்மானம். அதற்குக் கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

அறிகுறி: எல்லாவற்றையும் மூடிய பிறகும் வழிவில் ஆவி வருகிறது

இரண்டில் ஒன்று: நீராவி வால்வு கசிகிறது, அல்லது கிளாக் வால்வு பின்னோக்கி விடுகிறது. எது என்று பார்க்க, இன்ஜெக்டரை ஒட்டிய இடத்தில் இரண்டு குழாய்களின் மேலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எதில் சுறீரென்று ஆவியாகிறதோ, அந்தப் பக்கம்தான் கசிவு. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். இந்தக் கசிவைச் சிறியதென்று விட்டுவிடக் கூடாது; இன்ஜெக்டரின் உடல் எப்போதும் சூடாகவே இருப்பதால், மேலே சொன்ன "பிடிப்பதேயில்லை" என்ற கோளாறும் இதனாலேயே வந்துசேரும்.

கிளாக் வால்வைச் சரிசெய்வது அரைமணி நேர வேலை. கொதிகலன் குளிர்ந்து அழுத்தம் முற்றும் இறங்கிய பின் மூடியைத் திறந்து, துருப்பிடிக்காத எஃகுப் பந்தை எடுத்துத் துடையுங்கள். இருக்கையில் வெண்ணிற உப்போ துகளோ இருந்தால் துணியால் நீக்குங்கள். இருக்கையின் விளிம்பு சிதைந்திருந்தால், அதே அளவுள்ள ஒரு பேரிங் பந்தை வைத்து, அதன்மேல் பித்தளைக் கம்பியை நிறுத்திச் சிறு சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டுங்கள்; பிறகு அந்தப் பந்தை எறிந்துவிட்டு நல்ல பந்தைப் போடுங்கள். இரண்டாவது தட்டு இருக்கையை அகலமாக்கிவிடும், அகன்ற இருக்கை மறுபடி கசியும்.

அறிகுறி: மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத் திறன் குறைகிறது

நம் ஊருக்கே உரிய நோய் இது. காவிரித் தண்ணீர் வரும் பகுதிகளில் தொல்லை குறைவு. ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும் நம்பியுள்ள பேட்டைகளில், கீசர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த வெண்ணிற ஓடு எப்படிப்பட்டது என்று தெரியும். அதே ஓடு கூம்பிலும் படிகிறது. 0.7 மில்லிமீட்டர் கழுத்தில் சுற்றிலும் 0.1 மில்லிமீட்டர் படிந்தால், விட்டம் 0.5 ஆகி, தண்ணீர் போகும் பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கூம்புகளைக் கழற்றி, அவை எந்த வரிசையில், எந்தப் பக்கம் நோக்கி இருந்தன என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் வளையங்களை அகற்றிவிட்டு, ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து அதில் போடுங்கள். நுரை அடங்கியதும், பொதுவாகப் பதினைந்து இருபது நிமிடத்தில், எடுத்து ஆப்ப சோடா கரைத்த நீரிலும் பிறகு நல்ல நீரிலும் அலசுங்கள். இரவு முழுவதும் ஊறவிடக் கூடாது; பித்தளையில் செம்பு நிறம் படர்ந்தால், அதிலுள்ள துத்தநாகம் கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். மிஞ்சியிருப்பதை நீக்க ஊசி, கம்பி, துளையிடும் பிட் எதையும் தொடாதீர்கள். உள்சுவரில் ஒரு கீறல் விழுந்தாலே தாரை கலைந்துவிடும். துடைப்பத்திலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவி, நுனியைச் சீவிக் கூர்மையாக்கி, நீராவி போகும் திசையிலேயே மெல்லச் செலுத்திச் சுழற்றுங்கள். மேல்நாட்டுக்காரர்கள் இதற்குப் பல்குச்சியைச் சொல்வார்கள், நம் ஈர்க்கு அதைவிட மெல்லியது, எளிதில் முறியாதது. இனி வராமல் தடுக்க, மழைக்காலத்தில் மாடியிலிருந்து இறங்கும் தண்ணீரை, முதல் மழையை விட்டுவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டிச் சேர்த்துவைத்து எஞ்சினுக்கு ஊற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எடுக்கவில்லையென்றால்தான் கூம்பின் அளவைச் சந்தேகிக்க வேண்டும். அதையும் வெட்டும் முனையால் அல்லாமல், துளையிடும் பிட்டின் வழவழப்பான தண்டுப் பக்கத்தை நுழைத்துப் பாருங்கள்: தயாரிப்பாளர் சொன்ன அளவுள்ள தண்டு உரசிக்கொண்டு போக வேண்டும், அடுத்த பெரிய அளவு போகக் கூடாது. அடுத்த அளவும் போய்விட்டால் கழுத்து தேய்ந்துவிட்டது. அதைக் கடைந்து சரிசெய்ய முடியாது, புதுக் கூம்புதான். பட்டறையில் செய்யச் சொல்வதாக இருந்தால், பழைய கூம்பை மாதிரியாகக் கொடுக்காமல், அளவுகள் எழுதிய படத்தைக் கொடுங்கள். மாதிரியைப் பார்த்துச் செய்பவர் தேய்மானத்தையும் சேர்த்தே செய்து தந்துவிடுவார்.